சாண்டிநல்லா சேறும் வோஸ்டாக் குமிழும்

2019 தொடக்கத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தியைத் தட்டிவிட்டார். பழைய பனியுகங்கள் முடிந்தபோது முதலில் ஏறியது வெப்பம்தான், கார்பன் டை ஆக்சைடு பல நூறு ஆண்டு கழித்துத்தான் ஏறியது, ஆகவே புகையால் பூமி சூடாகிறது என்பதெல்லாம் கட்டுக்கதை. இதுதான் சாரம். கடைசியில் பத்துப் பதினைந்து ஆச்சரியக்குறிகள். அப்போது நான் கோத்தகிரியில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் என்ற மிதப்பு. "சித்தப்பா, இதெல்லாம் ஃபார்வர்டு, நம்பாதீங்க" என்று ஒரு வரி போட்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்றையும் சேர்த்தேன். அவர் பதில் போடவில்லை. இரண்டு நாள் கழித்து முருங்கைக்கீரையின் மகிமை பற்றி வேறொன்று அனுப்பினார்.

அவர் அனுப்பியதில் பாதி சரி என்பது எனக்குத் தெரியவந்தபோது நான் ஜெர்மனியில், எட்டுப் பேர் முன்னால், கையில் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தேன்.

கணவருக்கு பிரேமனில் வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்து சேர்ந்தோம். எனக்கு வேலை இல்லை, மொழியும் அரைகுறை. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பட்டம் வேண்டாம், உட்கார்ந்து கேட்டால் போதும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சிறு கட்டணம் கட்டிவிட்டு வகுப்பில் போய் உட்காரலாம். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள்தான் வருவார்கள், அவர்களும் ஓவியம், வரலாறு என்று போய்விடுவார்கள். பட்டியலில் 'காலநிலை: அன்றும் இன்றும்' என்கிற மாதிரி ஒரு தலைப்பைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நடக்கும் என்று போட்டிருந்தது. அதுதான் முக்கியக் காரணம், பொய் சொல்வானேன்.

செமினார் என்றால் யாரோ பேச நாம் குறிப்பெடுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே அப்படி இல்லை. வாரத்துக்கு ஒருவர் ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படித்துவந்து விளக்க வேண்டும், மற்றவர்கள் குடைவார்கள். பேராசிரியை ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருந்த ஒரு அம்மா. சும்மா கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். "சும்மா கேட்டால் தூக்கம் வரும்" என்று சொல்லி, நான்காவது வாரத்தில் என் பெயரை எழுதிவிட்டார். எனக்கு விழுந்தது வோஸ்டாக்.

வோஸ்டாக் அண்டார்டிகாவின் நடுவில் இருக்கும் ரஷ்ய ஆய்வு நிலையம். 1983 ஜூலை 21 அன்று அங்கே வெப்பமானி மைனஸ் 89.2 டிகிரி காட்டியது. தரையில் வைத்து அளந்ததில் உலகிலேயே மிகக் குறைவு அதுதான். அங்கே பனியைத் துளைத்து 3,600 மீட்டருக்கு மேல் ஐஸ் உருளைகளை எடுத்தார்கள். 1999-இல் வந்த கட்டுரை அதிலிருந்து 4,20,000 ஆண்டு வரலாற்றைப் படித்துக்காட்டியது. ஐஸில் இருக்கும் கனமான ஹைட்ரஜனின் அளவைப் பார்த்தால் அந்தப் பனி பெய்த காலத்தின் வெப்பம் தெரியும். ஐஸுக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழைத் திறந்தால் அன்றைய காற்றே கிடைக்கும். குமிழில் விஷயம் இருக்கிறது என்பது க்ளோத் லோரியஸ் என்ற பிரெஞ்சுக்காரருக்கு 1965-இல் அண்டார்டிகாவில் ஒரு மாலை தோன்றியதாம். துளைத்தெடுத்த ஐஸில் ஒரு துண்டை விஸ்கியில் போட்டார்கள், அது உருக உருகக் குமிழ்கள் வெடித்து மேலே வந்தன. (இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப குடிச்சாத்தான் விஞ்ஞானம் வருமா" என்றார்.)

நான் கரும்பலகையில் இரண்டு கோடுகள் வரைந்தேன். மேலே வெப்பம், கீழே கார்பன் டை ஆக்சைடு. இரண்டும் சோடி மாடு மாதிரி ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். பனியுகத்தில் காற்றின் பத்து லட்சம் பங்கில் 180 பங்கு கார்பன் டை ஆக்சைடு, வெதுவெதுப்பான இடைக்காலங்களில் 280. பத்து லட்சத்தில் ஒரு பங்கைத்தான் பிபிஎம் என்கிறார்கள். "ஆக, கார்பன் டை ஆக்சைடு ஏறினால் வெப்பம் ஏறுகிறது" என்று முடித்தேன். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "எது முதலில் ஏறுகிறது?"

"கார்பன் டை ஆக்சைடு." சட்டென்று சொன்னேன். முன்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, மிக மரியாதையாக, 2003-இல் வந்த வேறொரு கட்டுரையில் நேர்மாறாக இருக்கிறதே என்றான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சித்தப்பாவின் பதினைந்து ஆச்சரியக்குறிகளும் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

அடுத்த வாரமும் நானே பேச வேண்டும் என்று ஆயிற்று. அந்த ஒரு வாரத்தில் படித்த அளவுக்கு நான் பி.எட்.டுக்குக்கூடப் படிக்கவில்லை.

சிக்கல் இதுதான். பனி விழுந்தவுடன் ஐஸ் ஆகிவிடாது. மேலே கிட்டத்தட்ட நூறு மீட்டர் ஆழம் வரை அது இறுகியும் இறுகாமலும் இருக்கும், இடுக்குகள் வழியே மேற்காற்று உள்ளே போய்வந்துகொண்டே இருக்கும். அதற்கும் கீழே அழுத்தம் கூடிய பிறகுதான் இடுக்குகள் மூடிக் குமிழாகின்றன. வோஸ்டாக்கில் ஆண்டுக்கு விழும் பனி உருக்கினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர்தான். ஆகவே குமிழ் மூடும்போது அதைச் சுற்றியுள்ள ஐஸுக்குச் சில ஆயிரம் வயது ஆகியிருக்கும். வீடு பழசு, குடித்தனம் புதுசு. வெப்பத்தை வீட்டிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடைக் குடித்தனக்காரரிடமிருந்தும் படித்துவிட்டு எது முந்தியது என்று கேட்டால், இரண்டு வேறு கடிகாரங்களை வைத்துக்கொண்டு ரயில் தாமதமா என்று சண்டை போடுகிற கதைதான்.

2003-இல் கையோன் என்பவரும் கூட்டாளிகளும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். குமிழுக்குள்ளேயே ஆர்கான் வாயு இருக்கிறது. அதன் ஐசோடோப்புகளின், அதாவது எடை மட்டும் வேறுபடும் அணு வகைகளின் விகிதம், மேலே வெப்பம் மாறும்போது தானும் மாறும். வெப்பமும் கார்பன் டை ஆக்சைடும் இப்போது ஒரே குமிழில், ஒரே கடிகாரத்தில். சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஒரு பனியுகத்தை இப்படிப் பார்த்ததில், அண்டார்டிகா சூடாகத் தொடங்கி 800 ஆண்டு கழித்துத்தான், 200 கூடக்குறைய இருக்கலாம், கார்பன் டை ஆக்சைடு ஏறியது. சித்தப்பா சொன்ன 'பல நூறு ஆண்டு' எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

கதை அத்தோடு முடியவில்லை. கடைசிப் பனியுகத்தின் முடிவை 2013-இல் இன்னும் நுட்பமாகப் பார்த்த ஒரு குழு, அங்கே முன்பின் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, இரண்டும் சேர்ந்தே ஏறின என்றது. அதற்கு முந்தைய ஆண்டு ஷாகுன் என்பவரின் குழு, அண்டார்டிகாவை மட்டும் பார்த்தால் எப்படி என்று கேட்டு, உலகம் முழுவதிலிருந்தும் 80 இடங்களின் பதிவுகளைச் சேர்த்தது. கடலடிச் சேறு, ஏரிச் சேறு, ஐஸ். உலகச் சராசரியை எடுத்தால் கார்பன் டை ஆக்சைடு முன்னால் போகிறது, வெப்பம் பின்னால் வருகிறது. தென்கோடியில் மட்டும் வரிசை மாறித் தெரிகிறது.

கோழி முதலா முட்டை முதலா என்று கேட்டால் கோழிப்பண்ணைக்காரர் சிரிப்பார். இங்கேயும் அப்படித்தான். பூமியின் அச்சுச் சாய்வும் சுற்றுப்பாதையும் பல்லாயிரம் ஆண்டுக் கணக்கில் மெல்ல அசைகின்றன. அந்த அசைவால் வடக்கின் கோடை வெயில் கொஞ்சம் கூடுகிறது. பனி உருகுகிறது, கடல் நீரோட்டம் தடுமாறுகிறது, தெற்கே கடல் சூடாகிறது. சூடான கடல், வெயிலில் வைத்த கோலி சோடா மாதிரி வாயுவை வெளியே விடுகிறது. அந்த வாயு உலகம் முழுவதையும் மேலும் சூடாக்குகிறது. முதலில் வாங்கிய கடன் சின்னது. பூமியைச் சுமார் 5, 6 டிகிரி ஏற்றியது வட்டி. அந்த வட்டியில் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடும், உருகிக் குறைந்த பனிப்பரப்பும்.

எனக்கு உறுத்தியது வேறு. சித்தப்பாவிடம் சரியான தகவல் இருந்தது, முடிவு தப்பு. என்னிடம் சரியான முடிவு இருந்தது, அதற்கு நான் வைத்திருந்த காரணம் தப்பு. இரண்டு பேரில் அதிகம் சிரித்தது நான். ஒன்பது ஆண்டு பிள்ளைகளுக்கு அந்தச் சோடிக் கோடுகளைக் காட்டி இதே காரணத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதில் ஒரு பிள்ளைகூட 'எது மிஸ் முதல்ல?' என்று கேட்கவில்லை. கேட்கும்படி நான் வைக்கவில்லை என்பதுதான் சரி.

இரண்டாம் முறை பேசி முடித்ததும் பேராசிரியை ஒரு சுருள் தாளை மேசைமேல் விரித்தார். நூறு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர், ஒரு பிபிஎம்முக்கு ஒரு மில்லிமீட்டர், வரையுங்கள் என்றார். கடைசிப் பனியுகம் முடிந்தபோது கார்பன் டை ஆக்சைடு சுமார் 80 பிபிஎம் ஏற ஏறக்குறைய 7,000 ஆண்டு ஆனது. தாளில் அது 70 சென்டிமீட்டர் நீளத்துக்கு, 8 சென்டிமீட்டர் உயரம் ஏறும் ஒரு சரிவு. எங்கள் ஊர்ப் பக்கம் அதை மேடு என்றுகூடச் சொல்ல மாட்டோம். அப்புறம் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கிய 1958-லிருந்து வரையச் சொன்னார். அன்று 315. 2024-இல் ஆண்டுச் சராசரி 424-ஐத் தாண்டிவிட்டது. 66 ஆண்டு, தாளில் ஆறரை மில்லிமீட்டர், ஓர் அரிசியின் நீளம். அந்த அரிசி நீளத்துக்குள் பென்சில் கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர் நெட்டுக்குத்தாக ஏறியது. வரைந்த பையன் ஸ்கேலை நேராகப் பிடித்துக்கொண்டு, கோடு போட்டதும் கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

ஆறாவது வாரம் எங்களைக் கடலடிச் சேறு பார்க்கக் கூட்டிப்போனார்கள். அட்லாண்டிக்கிலும் ஆர்க்டிக்கிலும் அறிவியல் கப்பல்கள் துளைத்தெடுத்த சேற்று உருளைகள் பிரேமனில்தான் இருக்கின்றன. நீளவாக்கில் அடுக்கினால் 170 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆராய்ச்சிக்கும் மறுபாதியைத் தொடாமலும் வைக்கிறார்கள். உள்ளே 4 டிகிரி. எல்லோரும் கோட்டை இழுத்து மூடினார்கள். எனக்கு ஜனவரி மாத ஊட்டி மார்க்கெட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, காய்கறி வாசனைக்குப் பதில் ஈரக் களிமண் வாசனை.

மேசைமேல் ஒரு துண்டை எடுத்துவைத்தார்கள். நமீபியாவுக்கு மேற்கே வால்விஸ் ரிட்ஜ் என்னும் கடலடி மலைத்தொடரில் 2003-இல் எடுத்தது. 5.6 கோடி ஆண்டுப் பழசு. கீழ்ப்பாதி வெளிறிய நிறம்; கோடிக்கணக்கான நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் விழுந்து விழுந்து சேர்ந்தது. பார்க்கச் சுண்ணாம்பு டப்பாவின் அடிப்பகுதி போல. அப்புறம், கத்தியால் கோடு கிழித்தாற்போல், செங்காவிக் களிமண். ஒரு சாண், கூடினால் ஒன்றரைச் சாண். அதற்கு மேலே நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, மறுபடி சுண்ணாம்பு.

அந்தக் கோடு கிழித்த இடத்தில் ஏராளமான கார்பன் காற்றிலும் கடலிலும் கலந்தது. பூமி 5 டிகிரிக்கு மேல் சூடானது. கடல் புளித்து, அடியில் விழுந்த ஓடுகளெல்லாம் கரைந்துபோயின. கரையாமல் மிஞ்சியது களிமண் மட்டும். மீண்டும் பழைய நிலைக்கு வர ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆனது. கார்பன் வெளியான வேகத்தை 2016-இல் ஒரு குழு கணக்குப் போட்டது. இன்று நாம் வெளியிடுவது அதைப்போல் சுமார் 10 மடங்கு வேகம். காட்டிய அலுவலர் இதையெல்லாம் பால்காரக் கணக்கு சொல்கிற குரலில் சொன்னார். தினமும் பார்க்கிறவர். எனக்கு அந்தக் கோட்டின்மேல் ஒரு விரலை வைக்கவேண்டும் போலிருந்தது. கையுறை இல்லாமல் தொடக்கூடாதாம்.

கடைசி வேலை, அவரவர் ஊருக்குப் பக்கத்திலிருந்து ஒரு பழைய பதிவைத் தேடிக் கொண்டுவருவது. சிலே நாட்டுப் பெண்ணுக்கு ஏரி, ஜெர்மன் பையன்களுக்கு ஆல்ப்ஸ் பனிமலை. எனக்கு எங்கே இருக்கப்போகிறது, வடகிழக்கில் மேகாலயக் குகை ஒன்று உண்டே, அதை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் தேட உட்கார்ந்தேன். 1993-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு கட்டுரை கிடைத்தது. எழுதியவர்களில் முதல் பெயர் ராமன் சுகுமார், யானை ஆராய்ச்சிக்குப் பெயர்போனவர். தென்னிந்தியாவின் சதுப்புச் சேற்றில் கார்பன் ஐசோடோப்பு. இடம்: நீலகிரி. சாண்டிநல்லா.

நான் பிறந்து வளர்ந்தது சாண்டிநல்லாவுக்குப் பக்கத்தில். ஊட்டியிலிருந்து மைசூர் போகும் சாலை. அங்கே பள்ளத்தாக்கில், செடி கொடி மட்கி மட்காமல் கறுப்பாகக் கிடக்கும் சதுப்பு. எருமை இறங்கினால் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும். நான்காம் வகுப்பில் குறுக்குவழியில் பள்ளிக்கூடம் போகிறேன் என்று அதில் கால் வைத்து, முழங்கால் வரை போய், காலை உருவியபோது ஷூ வரவில்லை. புது ஷூ. அம்மா அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சேறுதான் நேச்சரில்.

வேதியியல் டீச்சருக்கு இது இனிப்பு. செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும்போது கனமான கார்பன்-13-ஐக் கூடியவரை ஒதுக்கிவிட்டு லேசான கார்பன்-12-ஐப் பொறுக்கும். மரங்கள், நெல், கோதுமை எல்லாம் ரொம்பப் பொறுக்குகிற ரகம். கரும்பு, சோளம், கம்பு, வெப்பநாட்டுப் புற்கள் அவ்வளவாகப் பொறுக்காது. ஆகவே மட்கிய சேற்றில் கார்பன்-13 கூடவா குறைவா என்று பார்த்தால், அங்கே அப்போது புல்லா, மரமா என்று சொல்லிவிடலாம். சாண்டிநல்லாச் சேறு 20,000 ஆண்டுக்கும் முன்னால் போகிறது. பனியுகத்தின் உச்சத்தில் அங்கே புல்தான் ஓங்கியிருந்தது. பருவமழை தளர்ந்து வறண்ட காலம் அது. பனியுகம் முடிந்து மழை வலுத்தபோது ஈரம் விரும்பும் செடிகள் மேலே வந்தன. அப்புறம் மறுபடி வறட்சி.

காரணம் மழை மட்டும் இல்லை. காற்றில் கார்பன் டை ஆக்சைடு 180-க்கு இறங்கிவிட்டால் மரங்களுக்குச் சாப்பாடு போதாது. அந்தப் புற்களுக்கு இலைக்குள்ளேயே ஒரு பம்பு உண்டு, அவை சமாளித்துக்கொள்ளும். எந்த வோஸ்டாக் குமிழைச் சரியாகப் படிக்காமல் அசிங்கப்பட்டேனோ, அதே 180 என் வீட்டுப் பின்பக்கப் புல்வெளியில் எழுதப்பட்டிருந்தது. இன்னொன்றும் உண்டு. எங்கள் மலைப் புல்வெளிகள் ஆட்கள் காட்டை அழித்ததால் வந்தவை, ஆகவே வெறும் நிலம், யூகலிப்டஸும் சீகையும் நட்டால் என்ன என்ற பேச்சு ரொம்ப காலம் இருந்தது. நட்டும் விட்டார்கள். அந்தப் புல், ஊரில் விவசாயம் என்ற ஒன்று வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பே அங்கே இருந்தது என்று சேறு சொல்கிறது.

இதே பொறுக்கல் கணக்குதான் இன்றைய புகைக்கும் சாட்சி. நிலக்கரியும் பெட்ரோலும் பழைய உயிர்களின் மிச்சம், கார்பன்-13 குறைந்தவை. அவற்றை எரிக்க எரிக்கக் காற்றிலும் கார்பன்-13-இன் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. கடலிலிருந்து வந்திருந்தால் அப்படிக் குறையாது. இந்த முறை வாயு முதலில் வந்திருக்கிறது, எங்கிருந்து வந்தது என்ற முகவரியோடு.

பேசி முடித்த அன்றிரவு சித்தப்பாவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். நீங்கள் சொன்ன 800 ஆண்டு உண்மைதான், நான் சிரித்தது தப்பு, ஆனால் அதிலிருந்து அந்த முடிவு வராது என்று ஆறு நிமிடம் பேசினேன். காலையில் ஒற்றை வரி வந்திருந்தது. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்." மீதி ஐந்தரை நிமிடத்தைக் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

அப்பாவிடம் பேசுவது வேறு மாதிரி. "முன்ன மாதிரி உறைபனியே இல்லம்மா இப்ப" என்பார். நினைவை மட்டும் வைத்து அப்படிச் சொல்லக்கூடாது, அளந்த பதிவு வேண்டும் என்று பேராசிரியை எங்களைப் பழக்கியிருந்தார், ஆனால் அப்பாவிடம் தரவு கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அவர் சொல்லும் இன்னொன்றுக்குப் பதிவு இருக்கிறது. சித்தப்பா ஃபார்வர்டு போட்ட அதே 2019-இல், ஆகஸ்ட் 8 அன்று, அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை. சென்னைக்கு ஆண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல். அப்பா அன்று கதவிடுக்கில் கோணிப்பையைச் செருகிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். ஒரு மழையைக் காட்டி இதுதான் காலநிலை மாற்றம் என்று சொல்லிவிட முடியாது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பது மட்டும் வேதியியல் டீச்சருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வீடியோ கால் போட்டுச் சாண்டிநல்லாக் கட்டுரையின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நம்ம சேறா இது?"

"ஆமாப்பா. இருபதாயிரம் வருஷத்துப் புல்லு அதுக்குள்ள அப்படியே இருக்காம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் குக்கர் விசில் ஒன்று அடித்து ஓய்ந்தது.

"அப்ப உன் ஷூவும் இருக்கும்" என்றார். "அது எந்தக் காலு ஷூ?"

"இடது."

"மத்தது பரண்ல இருக்கு. உங்கம்மா தூக்கிப்போட விடல."